ஐம்பது நாள் குட்டியும் அம்மாவின் ஜமக்காளமும்: நாய்க்குட்டிக்குக் கழிப்பிடம் பழக்குவது எப்படி

சுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதற்கு ஐம்பது நாள் வயது. பக்கத்துத் தெருவில் ஒரு கார் ஷெட்டுக்குள் தெருநாய் போட்ட ஐந்து குட்டிகளில் ஒன்று. நிறத்தைப் பார்த்து வைத்த பெயர்தான் சுக்கு. துண்டில் சுற்றி இரண்டாம் மாடிக்குத் தூக்கி வந்து ஹாலில் இறக்கிவிட்டேன். டைல்ஸ் தரை முழுக்கக் காலியாகத்தான் கிடந்தது. அத்தனையையும் தாண்டித் தத்தித் தத்திப் போய், மூலையில் அம்மா விரித்திருந்த பவானி ஜமக்காளத்தின் நட்டநடுவில் உட்கார்ந்து மூச்சா போனது.

"வந்ததும் வராததுமா என் இடந்தான் கண்ணுல பட்டுச்சா இந்தச் சனியனுக்கு?" என்றாள் அம்மா.

திமிர் என்று அன்றைக்கு நானும்தான் நினைத்தேன். அது திமிர் இல்லை, கால் பழக்கம். பிறந்த முதல் மூன்று வாரம் தாய்நாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்குச் சிறுநீரே வரும். வருவதையும் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். நடை வந்ததும் குட்டி படுக்கையை விட்டு நாலடி தள்ளிப் போய் இருக்கக் கற்றுக்கொள்கிறது. ஏழெட்டு வாரம் ஆகும்போது, பாதத்துக்கு அடியில் எது பட்டால் அது கழிப்பிடம் என்று அதற்கு ஒரு கணக்கு விழத் தொடங்குகிறது. மண்ணில் வளர்ந்தால் மண், சிமென்ட்டில் வளர்ந்தால் சிமென்ட். சுக்கு பிறந்த ஷெட்டில் பழைய சாக்கு விரித்திருந்தார்கள். எங்கள் வீட்டில் சாக்குக்கு அடுத்தபடியாகச் சொரசொரவென்று இருந்தது ஜமக்காளம்தான். வீடு, வெளி என்ற பிரிவெல்லாம் நமக்குத்தான். குட்டிக்குத் தெரிந்தது காலும் மூக்கும் சொல்வது மட்டுமே.

அதனால், குட்டி வருவதற்கு முந்தைய நாளே ஈரத்தை உறிஞ்சும் எல்லாவற்றையும் தரையிலிருந்து எடுத்துவிடுங்கள். மிதியடி, கோரைப்பாய், ஜமக்காளம், யோகா மேட், பாத்ரூம் வாசலில் கிடக்கும் பழைய துண்டு, எல்லாமே பரணுக்கு. நாலைந்து மாதத்துக்கு வீடு கொஞ்சம் மொட்டையாகத்தான் இருக்கும். பரவாயில்லை.

எங்கே போக வேண்டும்: அதை முதலில் நீங்கள் முடிவு செய்யுங்கள்

தெருவுக்குத் தூக்கிப்போனால் போயிற்று என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். சின்னக் குட்டிக்கு அது ஆபத்து. குடலைத் தாக்கிக் குட்டியின் உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸ், நோய் வந்த நாயின் மலத்திலிருந்து மண்ணில் கலந்து மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நிழலான இடமாக இருந்தால் ஒரு வருடம்கூடத் தாங்கும். தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை போகும். நடுவில் 12 வாரத்தை ஒட்டி ரேபிஸ் ஊசி. இந்த வரிசை முடியும்வரை தெருமுனையும் பூங்காவும் வேண்டாம். எந்த ஊசி என்றைக்கு என்பதை உங்கள் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903லிருந்து நடக்கிற கல்லூரி. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

தனி வீடு, சுற்றுச்சுவருக்குள் வேறு நாய்கள் வராத மண்தரை என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். அதில் ஒரு மூலையைக் குறித்துக்கொண்டு இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஃபிளாட்வாசிகளுக்கு மிஞ்சுவது பால்கனி, மொட்டை மாடி, பாத்ரூம் மூன்றுதான். பாத்ரூமை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கழுவ வசதிதான். ஆனால் பாத்ரூம் டைல்ஸுக்கும் ஹால் டைல்ஸுக்கும் குட்டியின் காலுக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

செய்தித்தாளைத்தான் பலர் விரிப்பார்கள். நாங்களும் விரித்தோம். மூன்றாம் நாள் அப்பா பேப்பரைத் தரையில் போட்டுக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் தேடி எழுந்து போனார். திரும்பி வருவதற்குள் விளையாட்டுப் பக்கம் நனைந்திருந்தது. கடையில் விற்கும், சிறுநீரை உறிஞ்சும் பேடிலும் இதே வம்புதான். அது துணி மாதிரி இருப்பதால் பேடில் பழகிய குட்டி மிதியடியையும் பேடாகவே பார்க்கும். நாளைக்கு வெளியே போகப்போவது மண்ணிலோ புல்லிலோ என்றால், இன்றைக்கே மண்ணையோ புல்லையோ வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் சரி.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். இரண்டடிக்கு மூன்றடி பிளாஸ்டிக் ட்ரே ஒன்று, குட்டி ஏறி இறங்க வசதியாக ஒரு பக்கம் விளிம்பு தாழ்வாக. அதில் மூன்று அங்குலத்துக்குச் சலித்த மணல். எம்-சாண்ட் வேண்டாம், தூசியும் அதிகம், காலையும் குத்தும். வீடு கட்டுகிற இடத்தில் நயமாகக் கேட்டால் ஒரு பக்கெட் சாதா மணல் கிடைக்கும். புல்தான் வேண்டும் என்றால் நர்சரியில் அடிக்கணக்கில் விற்கும் கொரியன் புல்லை அப்படியே ட்ரேயில் உட்கார வைக்கலாம், ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சளாகிவிடும். ட்ரேயைப் பால்கனி மூலையில், தண்ணீர் போகும் ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள். அந்த ஓட்டை கீழ் வீட்டுக்காரர் வேட்டி காயப்போடும் கொடிக்கு நேர் மேலே இருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. அதற்கு மேல் விவரம் வேண்டாம்.

மணலை வாரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், மலத்தை அவ்வப்போது அள்ளிவிடுங்கள். குட்டியின் வயிற்றுப் புழுவின் முட்டை மணலில் தங்கினால் அதில் விளையாடும் பிள்ளைகளுக்கும் தொற்றும். பூச்சி மருந்தைத் தேதி தவறாமல் கொடுப்பது அதற்காகவும்தான்.

கடிகாரம் இல்லாமல் இந்த வேலை நடக்காது

இரண்டு மாதக் குட்டி ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேல் மூச்சா போகும். அடக்கிவைக்கிற தசைக்கே அந்த வயதில் பலம் கிடையாது. எத்தனை மாத வயதோ அத்தனை மணி நேரம், கூட ஒரு மணி நேரம்: அதிகபட்சம் அவ்வளவுதான் அடக்கும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதுவும் சும்மா படுத்திருக்கும்போது. ஓடி விளையாடுகிற நேரத்தில் இருபது நிமிஷம்கூடத் தாங்காது.

ஆகவே, தூங்கி எழுந்ததும் ட்ரே. சாப்பிட்டு ஐந்து முதல் முப்பது நிமிஷத்துக்குள் ட்ரே. விளையாட்டுக்கு நடுவிலும் முடிந்ததும் ட்ரே. யாராவது விருந்தாளி வந்து குதித்துக் கொண்டாடியதும் ட்ரே. இதெல்லாம் போக, விழித்திருக்கும் நேரத்தில் முக்கால் மணிக்கு ஒருமுறை. முதல் பத்து நாள் போனில் அலாரம் வைத்துக்கொண்டேன். ஆபீஸ் மீட்டிங்கில் அலாரம் அடித்து, "ஒரு நிமிஷம்" என்று எழுந்து போனது எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. வேலைக்குப் போகிற இருவர் மட்டும் இருக்கும் வீடு என்றால், முதல் இரண்டு வாரம் மாறி மாறி லீவு போட முடிகிற சமயத்தில் குட்டியைக் கொண்டுவாருங்கள். பகலில் எட்டு மணி நேரம் தனியாக விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து அதைத் திட்டுவது நியாயமே இல்லை.

குட்டி தானாகச் சொல்லும் அடையாளத்தையும் படித்துக்கொள்ளுங்கள். சுக்கு விளையாடிக்கொண்டே இருக்கும், திடீரென்று பொம்மை வாயிலிருந்து நழுவும். கூப்பிட்டால் காது திரும்பாது. மூக்கு தரையோடு ஒட்டிக்கொள்ளும். அரைவட்டம் ஒன்று போடும், பின்னங்கால் இரண்டும் லேசாக அகலும். பொம்மை நழுவியதிலிருந்து பின்னங்கால் அகல்வதுவரை ஏழெட்டு விநாடிதான். அந்த நேரத்துக்குள் அள்ளிக்கொண்டு போய்விட்டால் ஜெயித்தீர்கள். கத்திக்கொண்டு ஓடாதீர்கள், பயத்திலேயே போய்விடும். தூக்கிய கையில் பாதி வந்துவிட்டாலும் சரி, மீதியை ட்ரேயில் முடிக்கட்டும். அதுவும் வெற்றிதான்.

ட்ரேயில் இறக்கியதும் ஒரே வார்த்தை: "மூச்சா போ." வீட்டில் எல்லோருக்கும் அதே வார்த்தை. எங்கள் வீட்டில் நான் ஒன்று சொல்ல, அப்பா வேறொன்று சொல்ல, பையன் இங்கிலீஷில் இன்னொன்று சொல்ல, குட்டி மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கும். ட்ரேயில் நிற்கும்போது கொஞ்சாதீர்கள், விளையாடாதீர்கள், மரம் மாதிரி நில்லுங்கள். இருந்து முடித்த அந்த விநாடியே பாராட்டும் தின்பண்டமும். வேகவைத்த சிக்கன் ஒரு கடலைப்பருப்பு அளவு போதும். அடுக்களைக்குப் போய் டப்பாவைத் திறந்து எடுத்து வந்து கொடுத்தால் பிரயோஜனமில்லை. அடுக்களைக்கு உங்கள் பின்னால் வந்ததற்குக் கூலி என்றுதான் அது புரிந்துகொள்ளும். தின்பண்டம் முன்கூட்டியே சட்டைப் பையில் இருக்க வேண்டும். சட்டையைத் துவைக்கப் போடும்போது பையைப் பார்த்துவிட்டுப் போடுங்கள், அவ்வளவுதான்.

ஐந்து நிமிஷம் நின்றும் ஒன்றும் போகவில்லையா? உள்ளே கொண்டுவந்து மடியிலேயே வைத்திருந்து, பத்து நிமிஷம் கழித்து மறுபடி கொண்டுபோங்கள். இந்தப் பத்து நிமிஷத்தில் தரையில் விட்டால் நிச்சயம் ஹாலில்தான் போகும்.

கண்ணுக்கு எட்டாத குட்டி, கைக்கு எட்டாத குட்டி

வீடு முழுக்கச் சுற்ற விடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. சோபாவுக்குப் பின்னால், கேஸ் சிலிண்டர் மூலையில், கட்டிலடியில் நீங்கள் பார்க்காமல் நடந்த ஒவ்வொரு தடவையும் அதற்கு ஒரு பாடம், தப்பான பாடம். உங்கள் பார்வையில் இருக்க வேண்டும், அல்லது சின்ன இடத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

சின்ன இடம் என்றால் கூண்டு வாங்கலாம், அல்லது சமையலறை வாசலில் பலகையைக் குறுக்கே வைத்துத் தடுக்கலாம். கூண்டு என்றதும் எங்கள் வீட்டில் பெரிய ரகளை. "பச்சப்புள்ளைய ஜெயில்ல போடுறியா?" என்றாள், முந்தாநாள் சனியன் என்று சொன்ன அதே அம்மா. அளவு சரியாக இருந்தால் அது ஜெயில் இல்லை, வளை. எழுந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் போதும். அதற்கு மேல் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் படுக்கும், இன்னொரு மூலையில் போகும். நாங்கள் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டிப் பழைய புடவை ஒன்றைப் போட்டுக் கொடுத்தோம். அதே புடவையில் குட்டி தொடர்ந்து நனைத்தால் துணியை எடுத்துவிட்டு வெறும் தரையில் விடுங்கள். செல்லப்பிராணிக் கடையில் கூண்டுக்குள்ளேயே இருந்து வளர்ந்த குட்டிக்குப் படுக்கும் இடத்திலேயே போய்ப் பழகியிருக்கும். அதற்கு இரண்டு பங்கு நாள் பிடிக்கும். குட்டியின் குற்றமில்லை.

ராத்திரிக்கு வருவோம். கடைசிச் சாப்பாடு ஏழு, ஏழரைக்குள். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடலாம். பகலில், அதுவும் நம் ஊர் வெயிலில், தண்ணீரைக் குறைக்கவே கூடாது. குட்டியின் பெட்டி உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், முனகினால் காதில் விழ வேண்டும். முதல் இரண்டு வாரம் நான் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் ஐந்தரைக்கும் எழுந்தேன். மூன்று மணிக்கு எழுப்பும்போது லைட்டைப் போடாதீர்கள், பேசாதீர்கள். ஒரு நாள் நான் தூக்கக் கலக்கத்தில் கொஞ்சிவிட்டேன். அது என் லுங்கி நுனியைக் கவ்விக்கொண்டு பால்கனியில் நாலரை மணிவரை விளையாடியது. மறுநாள் சரியாக மூன்று மணிக்கு, விளையாடுவதற்காகவே எழுப்பியது. மூன்றாம் மாதம் முடிகிற சமயத்தில் நடுச்சாம விழிப்பு தானாக நின்றது.

தப்பு நடந்த பிறகு

நடக்கும். ஒரு நாளைக்கு நாலு தடவை நடக்கும். மூக்கைப் பிடித்து அதில் தேய்த்தால் புத்தி வரும் என்று ஊரே சொல்லும், எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவும் சொன்னார். புத்தி வராது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் செய்ததையும் இப்போது விழும் அடியையும் குட்டியால் முடிச்சுப் போட முடியாது. நம் முகத்தைப் பார்த்துக் காதை மடக்கிக்கொண்டு பம்முவதை "தப்பு செஞ்சது அதுக்கே தெரியுது" என்கிறோம். அது குற்ற உணர்ச்சி அல்ல, நம் கோபத்தைப் பார்த்த பயம். இவர் முன்னால் மூச்சா போனால் அடி விழும் என்பது மட்டும் அதற்குப் பதியும். அப்புறம் உங்கள் கண் முன்னால் போகவே போகாது. கட்டிலடியில் ஒளிந்து போகும். நாளைக்குக் கயிறு கட்டித் தெருவுக்குக் கூட்டிப்போனால் அரை மணி நேரம் அடக்கிக்கொண்டு நின்றுவிட்டு, வீட்டுக்குள் வந்து நீங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் பீரோவுக்குப் பின்னால் போகும். "வெளிய போகவே மாட்டேங்குது" என்று புலம்பும் பல வீடுகளில் கதை இதுதான்.

பேசாமல் துடையுங்கள். எதைக்கொண்டு துடைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் பழைய துணியால் ஒற்றி எடுங்கள், பிறகு தண்ணீர். ஃபினாயில் ஊற்றினால் நம் மூக்குக்கு வாசனை மறையும், குட்டியின் மூக்குக்கு மறையாது. ஃபினாயில் தரையை நக்கினால் குட்டிக்கு விஷமும்கூட. அம்மோனியா கலந்த திரவம் இன்னும் மோசம், சிறுநீர் மாதிரியே மணக்கும். "இங்கேதான் போகணும்" என்று போர்டு மாட்டினாற்போல. என்சைம் கலந்த கிளீனர் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும், அதுதான் நல்லது. இல்லையென்றால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி. பிளீச்சை நேராகச் சிறுநீர் மேல் ஊற்றாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். முதலில் ஒற்றி எடுத்த துணியைத் தூக்கிப் போடாமல் ட்ரே மணலில் ஒரு தேய்ப்புத் தேய்த்து வையுங்கள். அந்த வாசனை இருக்க வேண்டிய இடம் அதுதான்.

நீங்கள் ஆபீஸிலிருந்து வந்ததும் வாலை ஆட்டிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுகிறதா? அது பழக்கக் குறை அல்ல. சந்தோஷத்திலோ பணிவிலோ தானாக வருவது, வளர வளரப் போய்விடும். உள்ளே வந்ததும் குனிந்து கொஞ்சாமல் நேராகப் பால்கனிக்கு நடங்கள்.

வயிறு சரியில்லாவிட்டால் எந்தப் பயிற்சியும் பலிக்காது

நம் வீடுகளில் குட்டி வந்ததும் ஒரு கிண்ணம் பால், அதில் பொறை. பசும்பாலில் உள்ள லாக்டோஸ் பல குட்டிகளுக்குச் செரிக்காது. வயிற்றால் போகும். வயிற்றால் போகிற குட்டியிடம் ட்ரேயைப் பற்றிப் பேசி என்ன பயன்? பாலை நிறுத்துங்கள். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை, ஒரே நேரத்தில் சாப்பாடு. கால் மணி நேரத்தில் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். உள்ளே போகும் நேரம் நிலையாக இருந்தால் வெளியே வரும் நேரமும் நிலையாகும். நாள் முழுக்க ஆளுக்கு ஒரு பிஸ்கட் போடும் தாத்தா பாட்டிகளிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் மொத்தப் பயிற்சியிலும் கஷ்டமான பகுதி.

நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக மூச்சா போனால், முக்கினால், சிறுநீர்ப் பாதையில் தொற்று இருக்கலாம். வாந்தி, ரத்தம் கலந்த கழிச்சல், சோர்ந்து படுத்தல் என்றால் பார்வோவாக இருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவர்.

தெருவுக்கு இறங்கும் நாள்

தடுப்பூசி முடிந்து மருத்துவர் தலையசைத்ததும், ட்ரேயிலிருந்து ஒரு பிடி நனைந்த மணலைப் பையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். சந்தடி இல்லாத ஒரு மூலையில் அதைப் போட்டு, கயிற்றைப் பிடித்தபடி மரமாக நின்று, அதே "மூச்சா போ". தெருநாய்கள் கூட்டமாக இருக்கும் இடத்தில் எந்தக் குட்டியும் குந்தாது. கோடையில் புறங்கையைத் தார்ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

மூச்சா போனதும் "வந்த வேலை முடிஞ்சுது" என்று மேலே ஏறிவிடாதீர்கள். நான் ஒரு வாரம் அப்படித்தான் ஏறினேன். சுக்கு கெட்டிக்காரி, போனால் வெளிச்சுற்று முடிந்துவிடும் என்று கண்டுபிடித்து, அடக்கி அடக்கி வைத்தது. தலைகீழாக மாற்றினேன். கேட் பக்கத்தில் நின்று முதலில் மூச்சா, அப்புறம்தான் நடை. நான்கே நாளில், கேட்டைத் தாண்டியதும் குந்த ஆரம்பித்துவிட்டது. மலத்தை அள்ள ஒரு பேப்பரும் கவரும் எப்போதும் கையில் இருக்கட்டும். அசோசியேஷன் செக்ரட்டரியோடு உங்கள் உறவு அதில்தான் இருக்கிறது.

ட்ரேயை உடனே எடுத்துவிடாதீர்கள். ஐப்பசி மழையில் சுக்கு கேட்டருகே நின்று, ஒரு காலைத் தூக்கி, வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடக்கும். தீபாவளி வாரத்தில் முதல் வெடிக்கே வாசல் தாண்ட மறுத்தது. இரண்டுக்கும் பால்கனி மணல்தான் கைகொடுத்தது. ஆண் குட்டி வைத்திருப்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு மேல் இன்னொரு அத்தியாயம் உண்டு. காலைத் தூக்கி மேஜைக்காலில் அடையாளம் வைக்கும். கருத்தடை பற்றி அப்போது மருத்துவரிடம் பேசுங்கள், பல நாய்களுக்கு இந்தப் பழக்கம் அதோடு குறைந்துவிடும்.

நான்கு மாதத்தில் ஓரளவு, ஆறு மாதத்தில் நம்பிக்கையாக. பெரும்பாலான குட்டிகளுக்கு இவ்வளவு காலம் ஆகும். முழுதாக இரண்டு வாரம் வீட்டுக்குள் ஒரு சொட்டும் விழவில்லையென்றால் ஒரு அறையைத் திறந்துவிடுங்கள். இன்னொரு வாரம் கழித்து அடுத்தது. புதிதாகத் திறக்கும் அறையில் நீங்களும் உட்கார்ந்து அதோடு விளையாடுங்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை அங்கே வையுங்கள். சாப்பிட்ட, படுத்த இடத்தை அசிங்கம் செய்யக் குட்டிக்கு மனம் வராது.

எங்கள் வீட்டில் கடைசியாகத் திறந்தது அம்மா படுக்கும் மூலை. ஏழாம் மாதம் ஜமக்காளம் பரணிலிருந்து இறங்கியது. சுக்கு நாலு முனையையும் நிதானமாக முகர்ந்தது. மூக்கு தரையோடு ஒட்டி, அரைவட்டம் ஒன்று போட்டது. நான் பாதி எழுந்துவிட்டேன். முழுவட்டமும் போட்டு முடித்து, அப்படியே சுருண்டு படுத்துக்கொண்டது.

"ஏய், தள்ளிப் படு" என்று அம்மா காலால் லேசாக நெம்பினாள். அது நகரவில்லை.